சென்சாரை மாற்றும் முன் ஒயரை அளந்து பாருங்கள்

(கார் மெக்கானிக்குகளும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வயதான பெட்ரோல் கார்களில் சென்சார் ஒயரிங் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசச் சொன்னார்கள். நம் பட்டறைகளில் தினமும் கேட்கிற ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். "ஸ்கேனர் போட்டுப் பாத்தாச்சுண்ணே, சென்சார் போயிருச்சு." வண்டிக்காரர் காசு கொடுக்கிறார், புதுச் சென்சார் வருகிறது, செக் இன்ஜின் லைட் அணைகிறது. நாலு நாள் கழித்து அதே லைட் மறுபடி எரிகிறது. அப்போது என்ன சொல்கிறோம்? "டூப்ளிகேட் சென்சார் போல இருக்கு சார், ஒரிஜினல் போட்டுப் பாக்கலாம்." இரண்டாவது சென்சாரும் வருகிறது. அடுத்த வாரம் "இசிஎம் போயிருச்சு" என்கிறோம். கடைசியில் பார்த்தால், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி உள்ளே செம்பு தெரிகிற ஒரு ஒயர். அதைச் சரிசெய்ய ஆகும் பொருள் செலவு ஒரு டீக் காசு.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஸ்கேனர் காட்டுகிற கோடு ஒரு சர்க்யூட்டின் பெயர். அந்தச் சர்க்யூட்டில் சென்சார் ஒரு பகுதி. இரண்டு மூன்று ஒயர், நாலைந்து பின், ஒரு எர்த், இசிஎம் எனப்படும் ஒரு கணினி ஆகியவை மற்ற பகுதிகள். இவற்றில் எது கெட்டது என்று அளந்து சொல்வதுதான் நம் தொழில்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் கார்பரேட்டர்தான். பிளக், பாயின்ட், சோக் தெரிந்தால் போதும். உலகத்தில் அதற்கு முன்பே, 1967-இல், பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் பீய்ச்சும் முறை ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்துவிட்டது. நம் ஊருக்கு அது பரவலாக வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ தொடக்கத்திலிருந்தே எம்பிஎஃப்ஐ, அதாவது அதே மின்னணுப் பீய்ச்சும் முறை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும், 2000-ஐ ஒட்டி மாருதி 800-உம் அதற்கு மாறியது. ஆக, இருபது ஆண்டைத் தாண்டிய சென்சார் வண்டிகள் இன்று நம் ஊரில் நிறைய ஓடுகின்றன. பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பித்த வண்டிகள் அவை. இன்ஜின் நன்றாகவே இருக்கும், ஒயரிங் மட்டும் கிழடு தட்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் ஓபிடி, அதாவது வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் முறை, கட்டாயமானது பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்குத்தான். 2010-இல் முதல் படி, 2013-இல் இரண்டாம் படி. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி செய்தது. சிலவற்றில் டயக்னாஸ்டிக் பின்னை எர்த் செய்தால் செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மினுங்கும். அதை எண்ணித்தான் கோடு தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்லைனில் வாங்கிய சின்ன ஸ்கேனர் இந்த வண்டிகள் பலவற்றில் பேசவே பேசாது. அதனால் பழைய வண்டிக்கு மல்டிமீட்டர்தான் முதல் கருவி.

ஒயர் ஏன் கெடுகிறது? சூடு, அதிர்வு, ஈரம் இந்த மூன்றும்தான் இயற்கையான காரணங்கள். பானட்டுக்குள் எக்ஸாஸ்ட் பக்கம் போகும் ஒயரின் மேல்தோல் ஆண்டுக்கணக்கில் வெந்து, வளைத்தால் அப்பளம் போல நொறுங்கும். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே பாலமாகப் போகிற ஒயர்க்கட்டு ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒரு முறை மடங்கி நிமிர்கிறது. பேட்டரி தட்டின் அடியில் ஆசிட் நீராவி. ஃபயர்வால் துளையில் ரப்பர் குரோமெட் இற்றுப் போய், தகட்டின் விளிம்பே கத்தியாகிவிடும். தூத்துக்குடி, ராமேஸ்வரம், சென்னைக் கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்று சேர்ந்து பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கும்.

இயற்கையைவிட அதிகச் சேதம் செய்தவர்கள் நாம்தான். கார் அலாரம், ரிமோட் லாக், செட், ஃபாக் லைட், காற்று ஹாரன் என்று ஒவ்வொன்றுக்கும் எங்காவது ஒரு ஒயரைச் சுரண்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் ஒயரையும் இன்ஜெக்டர் ஒயரையும் வெட்டித்தான் எமுலேட்டரை நுழைக்கிறார்கள். கிட்டைக் கழற்றிய பிறகும் அந்த வெட்டு அங்கேயே இருக்கும். கிளட்ச் வேலைக்கு இன்ஜினை இறக்கியவர் எர்த் பட்டையைத் திருப்பிப் போடாமல் விட்டிருப்பார். டிங்கரிங் செய்தவர் எர்த் போல்ட்டின் அடியிலும் பெயின்ட் அடித்திருப்பார். அதனால் வண்டி வந்ததும் பானட்டைத் திறக்கும் முன் ஓனரிடம் கேளுங்கள்: எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்? மழையிலா, வெயிலிலா, மேடு பள்ளத்திலா வருகிறது? இந்தப் பதில்கள் பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது பேட்டரி. நின்ற நிலையில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை. கிராங்க் செய்யும்போது வோல்ட்டேஜ் பாதாளத்துக்குப் போனால் கணினி தடுமாறி, இல்லாத கோளாறையெல்லாம் பதிவு செய்யும். பேட்டரியைச் சரிசெய்யாமல் கோடு படிப்பது வீண் வேலை.

இனி, கோடு என்றால் என்ன என்று பார்ப்போம். இன்ஜின் கூலன்ட் வெப்ப சென்சாரை எடுத்துக்கொள்கிறேன். எல்லா வண்டியிலும் இருக்கிறது, புரிந்துகொள்ளவும் எளிது. இரண்டே ஒயர். உள்ளே ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். கணினி தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, அந்த ஒயரில் எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. கணினிக்கு இன்ஜினின் சூடு தெரியாது. ஒயரில் நிற்கும் வோல்ட்டேஜ்தான் தெரியும்.

ஒயர் எங்காவது அறுந்துவிட்டால்? மின்சாரம் ஓடாது, 5 வோல்ட் அப்படியே நிற்கும். கணினி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். மே மாதத்துச் சென்னையில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும்! சிக்னல் ஒயர் எர்த்தில் உரசிவிட்டால் வோல்ட்டேஜ் பூஜ்யம். ஸ்கேனர் 120, 140 என்று கொதிக்கும். முதலாவது பி0118, இரண்டாவது பி0117. ஒன்று 'சிக்னல் உயர்வு', மற்றது 'சிக்னல் தாழ்வு'. இரண்டு கோடும் வோல்ட்டேஜைப் பற்றித்தான் சொல்கின்றன. 'சென்சார் கெட்டது' என்ற வாசகம் எதிலும் இல்லை.

இதைச் சோதிக்க ஒரு சின்ன ஒயர்த்துண்டு போதும். சாவியை ஆன் செய்து, ஸ்கேனரில் வெப்பநிலையை ஓடவிட்டு, சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். மைனஸ் 40 வர வேண்டும். பிறகு ஒயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு பின்னையும் ஒயர்த்துண்டால் இணையுங்கள். ஸ்கேனர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தாவ வேண்டும். தாவினால், இரண்டு ஒயரும் எர்த்தும் கணினியும் சரி. மிஞ்சியது சென்சாரும் அதன் பின்னும்தான். தாவாவிட்டால் சென்சார் வாங்க ஓடாதீர்கள், கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான். அப்போது சிக்னல் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 5 வோல்ட் வருகிறதா? வருகிறது என்றால் சிக்னல் ஒயர் நல்லது, அறுந்தது சென்சாரின் எர்த் ஒயர். வரவில்லை என்றால் சிக்னல் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது எர்த்தில் உரசுகிறது. ஒன்றை மறக்காதீர்கள்: பின்களை இணைக்கும் இந்தச் சோதனை இரண்டு ஒயர் தெர்மிஸ்டருக்கு மட்டும். மூன்று ஒயர் சென்சாரில் இதைச் செய்தால் 5 வோல்ட் சப்ளையையே ஷார்ட் செய்துவிடுவீர்கள்.

அறுந்த ஒயரும் ஷார்ட்டான ஒயரும் சுலபமான பகைவர்கள். கோடு போட்டு மாட்டிக்கொள்ளும். தலைவலி கொடுப்பது பாதி கெட்ட ஒயர். எண்களோடு பார்த்தால் விளங்கும். பரவலாகப் பயன்படும் பாஷ் வகைத் தெர்மிஸ்டர் 20 டிகிரியில் 2,500 ஓம் காட்டும். 40-இல் சுமார் 1,175. 60-இல் சுமார் 600. 80-இல் சுமார் 320. இப்போது கப்ளரில் பச்சை பிடித்து 1,000 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். இன்ஜின் 80 டிகிரியில் இருக்கிறது. கணினிக்குத் தெரிவது 320-உம் 1,000-உம் சேர்ந்த 1,320 ஓம். அது 40 டிகிரிக்கும் கீழே என்று நம்பிவிடும். அந்த அளவு நம்பத்தகுந்தது என்பதால் கோடு விழாது, லைட் எரியாது. ஆனால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், சைலன்சர் கறுக்கும், புகைச் சோதனையில் தோற்கும். நாம் இன்ஜெக்டரைக் கிளீன் செய்வோம், பிளக் மாற்றுவோம், பெட்ரோல் பங்கைத் திட்டுவோம்.

இதைப் பிடிக்க, செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக, அன்றைய வெளி வெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தச் சர்க்யூட்டைச் சந்தேகியுங்கள். உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும் அப்படித்தான். இன்ஜின் ஓடாதபோது அது ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 77, 78-ஐ ஒட்டி. சென்னையில் நிற்கிற வண்டி ஊட்டியின் அழுத்தத்தைக் காட்டினால் எங்கோ வோல்ட்டேஜ் கசிகிறது.

மூன்று ஒயர் சென்சார்களுக்கு வருவோம். திராட்டில் பொசிஷன், மேப் போன்றவற்றுக்கு ஒரு 5 வோல்ட் சப்ளை, ஒரு எர்த், ஒரு சிக்னல். திராட்டில் சென்சாரின் சிக்னல் பெரும்பாலும் அரை வோல்ட்டை ஒட்டித் தொடங்கி, முழு ரேஸில் நாலரை வோல்ட்டை ஒட்டி முடியும்; நடுவில் எங்கும் துள்ளக் கூடாது. இந்த 5 வோல்ட் சப்ளையைக் கணினி பல வண்டிகளில் இரண்டு மூன்று சென்சார்களுக்குப் பொதுவாகக் கொடுக்கிறது. ஒரு சென்சாரின் சப்ளை ஒயர் எர்த்தில் உரசினால் அத்தனை சென்சாரும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். ஸ்கேனர் சம்பந்தமில்லாத நாலு கோடுகளை வரிசையாகக் காட்டும். சில வண்டிகள் ஸ்டார்ட்டே ஆகாது.

நாலு சென்சார் ஒரே நாளில் கெடுமா? கெடாது. நிறைய கோடு ஒன்றாக வந்தால் அவற்றுக்குப் பொதுவான ஒயர் எது என்று பாருங்கள். மீட்டரை 5 வோல்ட் ஒயரில் வைத்துக்கொண்டு, மூன்று ஒயர் சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்தச் சென்சார் உள்ளே ஷார்ட். எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால் ஒயர்க்கட்டில் உரசல். கணினியைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்.

எர்த்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை போதாது. பாசிட்டிவ் ஒயரைத் தேடித் தேடிப் பார்க்கிறோம், நெகட்டிவ் தானாக இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். எர்த்தை ஓம் வைத்து அளக்காதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி, ஃபேன் எல்லாம் போட்டு, மீட்டரின் சிவப்பு முனையைச் சென்சார் எர்த் பின்னிலும் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3, 0.4 என்று ஏறினால் எங்கோ துரு. இந்தச் சின்ன எண் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஆக்ஸிஜன் சென்சார் வேலை செய்வதே 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள். 0.45-க்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், கீழே வந்தால் காற்று அதிகம். அந்தச் சர்க்யூட்டின் எர்த்தில் 0.3 வோல்ட் தொலைந்தால் கணினியின் கணக்கு முழுவதும் தப்பாகும்.

ஆக்ஸிஜன் சென்சாரில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் பல வகைகள் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றைத் தங்கள் ஒயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. அந்த ஒயரில் ஈயப்பற்று வைத்தால் காற்று வழி அடைபடும். அதன் கப்ளரில் கிரீஸ் தடவினாலும், ஸ்ப்ரே அடித்தாலும் கெடுதல்தான். ஒயர் கெட்டிருந்தால் கிரிம்ப் செய்து சேருங்கள், அல்லது கப்ளரோடு வரும் சென்சாராகப் போடுங்கள்.

"சூடானா ஆஃப் ஆயிடுது, ஆறினா ஸ்டார்ட் ஆயிடுது" என்று ஒரு வண்டி வரும். உடனே எல்லோரும் கிராங்க் சென்சார் என்போம். பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் அதே அறிகுறியை, எக்ஸாஸ்ட் பக்கத்தில் வெந்துபோன கிராங்க் சென்சார் ஒயரும் காட்டும். இரண்டு ஒயர் காந்தச் சுருள் வகையாக இருந்தால், வண்டி ஆஃப் ஆன அந்த நிமிடத்திலேயே அளக்க வேண்டும்; ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கிராங்க் செய்துகொண்டே ஏசி வோல்ட் பாருங்கள். சென்சார் பக்கத்தில் ஒரு முறை, கணினி கப்ளர் பக்கத்தில் ஒரு முறை. சென்சாரில் சிக்னல் இருந்து கணினியில் இல்லை என்றால் குற்றவாளி நடுவில் இருக்கும் ஒயர். எந்தச் சென்சாரானாலும் இதே விதிதான்: கடைசி அளவைக் கணினி முனையில் எடுங்கள். அங்கே வந்து சேர்வதைத்தான் கணினி பார்க்கிறது.

கிராங்க் சென்சார் ஒயர்கள் பல வண்டிகளில் ஒன்றோடொன்று முறுக்கி, சிலவற்றில் மேலே ஷீல்டும் சுற்றி வரும். அழகுக்காகச் செய்ததல்ல, இக்னிஷன் ஒயரின் இரைச்சல் சிக்னலில் ஏறாமல் இருக்கச் செய்தது. ஒயரை மாற்றும்போது முறுக்கை விடாதீர்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். காந்தச் சுருள் வகையில் இரண்டு ஒயரை இடம் மாற்றிவிட்டால் சிக்னல் தலைகீழாகி, டைமிங் தடுமாறும், சில வண்டிகள் ஸ்டார்ட் ஆகவே ஆகாது.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். டிஜிட்டல் மல்டிமீட்டர் உள்ளே இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். அதனால் கணினி சர்க்யூட்டில் பயமின்றி வைக்கலாம். நம் பழைய டெஸ்ட் லேம்ப் அப்படியில்லை. 5 வாட் பல்பு ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். அதை 5 வோல்ட் சென்சார் ஒயரில் வைத்தால் கணினிக்கே ஆபத்து. ஃபியூஸ், ரிலே, பம்ப், ஹீட்டர் சப்ளைக்கு மட்டும் டெஸ்ட் லேம்ப். அங்கே அது மீட்டரைவிடவும் நல்லது, ஏனென்றால் லோடு கொடுத்துப் பார்க்கிறது.

மீட்டரின் பீப் சத்தத்தை நம்பி ஒயர் நல்லது என்று தீர்ப்பு எழுதாதீர்கள். பல மீட்டர்களில் 30 ஓம் வரைக்கும்கூட பீப் அடிக்கும். சென்சார் சிக்னல் ஒயரில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு, அங்கே சில ஓம் கூடினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் ஒயரில் 1 ஆம்பியர் ஓடுகிறது என்றால், 5 ஓம் துரு 5 வோல்ட்டைத் தின்றுவிடும். எந்த ஒயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எந்த ஓம் பெரியது, எது சின்னது என்று சொல்ல முடியும். மின்சாரம் இருக்கும் ஒயரில் ஓம் அளக்காதீர்கள். சாவி ஆனில் இருக்கும்போது கணினிக் கப்ளரைக் கழற்றாதீர்கள். மஞ்சள் நிறக் கப்ளர், மஞ்சள் உறை கண்டால் அது பெரும்பாலும் ஏர்பேக். அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது.

இன்னொரு கெட்ட பழக்கம், ஒயரின் தோலில் ஊசியைக் குத்தி அளப்பது. அன்றைக்கு வேலை நடக்கும். அந்தத் துளை வழியாக அடுத்த மழையில் ஈரம் ஏறும், உள்ளே செம்பு பச்சையாகிப் பொடியாகும். அடுத்த வருடம் அதே வண்டிக்கு அந்த இடமே நோயாகிவிடும். கப்ளரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனையை ஒயர் ஓரமாக நுழைத்து அளந்து பாருங்கள். முன்பக்கத் துளையில் தடித்த மீட்டர் முனையைத் திணிக்காதீர்கள். பெண் பின் அகன்றுவிடும். பிறகு ஆண் பின் அதற்குள் ஆடும். பின்னின் பிடிப்பைப் பார்க்க அதே அளவில் ஓர் உதிரி ஆண் பின்னை வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செருகி இழுத்தால் லேசான பிடி இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அதுதான் உங்கள் லூஸ் கனெக்ஷன்.

வெளியே பளபளப்பாகத் தெரியும் கப்ளரும் கெட்டிருக்கலாம். வெள்ளீயப் பூச்சுள்ள பின்கள் அதிர்வில் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். உரசும் இடத்தில் ஆக்சைடு பொடி சேர்ந்து மின்சாரத்தைத் தடுக்கும். கப்ளரைக் கழற்றி மாட்டியதும் பொடி விலகி வண்டி சரியாகிவிடும். புதுச் சென்சார் போட்டு வண்டி சரியானதில் எத்தனையோ சென்சாரால் ஆனதல்ல, கப்ளரைக் கழற்றி மாட்டியதால் ஆனது! அதனால்தான் நாலு நாளில் திரும்பி வருகிறது.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஒரு முறை இருக்கிறது. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்கேனரிலோ மீட்டரிலோ அந்த அளவைப் பார்த்துக்கொண்டே, ஒயர்க்கட்டை ஒரு முனையிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக அசைத்து, வளைத்து, லேசாக இழுத்துக்கொண்டு போங்கள். அளவு துள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். நல்ல ஒயர் இழுத்தால் நீளாது. உள்ளே செம்பு அறுந்து தோல் மட்டும் மிஞ்சிய ஒயர் ரப்பராக நீளும். சூட்டில் வரும் கோளாறுக்கு ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்துச் சூடேற்றுங்கள். மழையில் வரும் கோளாறுக்குத் தண்ணீரைப் பூவாகத் தெளியுங்கள். கோளாறை நாம் வரவழைத்துப் பார்த்தால்தான், சரிசெய்த பிறகு அது போய்விட்டது என்று நிரூபிக்க முடியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. பேட்டரி இணைப்போடு தண்ணீரில் நின்ற கப்ளரில் மின்பகுப்பு நடந்து பாசிட்டிவ் பின் கரையும். ஒயரின் இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஊர்ந்து மேலே ஏறும். வண்டி அப்போது ஓடியிருக்கும், பலனை ஓரிரு வருடம் கழித்துக் காட்டும். அத்தகைய வண்டி என்று தெரிந்தால், டாஷ்போர்டின் கீழும் கார்பெட்டின் அடியிலும் உள்ள கப்ளர்களை முதலில் பிரியுங்கள். ஒயரைக் கடிக்கும் எலியையும் மறக்க வேண்டாம். வெளிநாட்டில் ஹோண்டா நிறுவனம் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பையே எலிக்காக விற்கிறது. அங்கேயும் இதே தொல்லைதான்.

கண்டுபிடித்தாயிற்று, எப்படிச் சேர்ப்பது? முறுக்கி டேப் சுற்றுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் பானட் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். ஒயரின் அளவுக்குப் பொருந்தும் கிரிம்ப் ஸ்லீவ், அதற்குரிய கிரிம்பிங் கருவி, மேலே உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். ஈயம் வைத்தால் பற்று முடியும் இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் அங்கேயே ஒடியும். வைக்கத்தான் வேண்டும் என்றால் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், இருபக்கமும் ஒயர் ஆடாமல் கட்டுங்கள். பக்கத்துப் பக்கத்து ஒயர்களை ஒரே இடத்தில் வெட்டிச் சேர்க்காமல் கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சேருங்கள். அதே நிற ஒயரைப் போடுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்த வண்டியைத் தொடுகிறவர் உங்களை வாழ்த்துவார். கப்ளர் உடைந்திருந்தால் சென்னை புதுப்பேட்டையில் அதே கப்ளர் ஒயரோடு கிடைக்கும். ஒயரிங் வரைபடம் இல்லாமல் எதையும் வெட்டாதீர்கள். மாணவர்களுக்குச் சொல்கிறேன்: வரைபடம் படிக்கக் கற்றவனுக்கு எந்தக் கம்பெனி வண்டியும் அந்நியமில்லை.

முடிக்கும் முன் காசைப் பற்றியும் பேசிவிடுகிறேன். நாம் ஏன் சென்சாரை மாற்றுகிறோம்? பொருளுக்குக் காசு கேட்டால் கஸ்டமர் கொடுக்கிறார். "ரெண்டு மணி நேரம் தேடினேன், ஒரு ஒயர் சேத்தேன்" என்றால், "அதுக்கா இவ்வளவு?" என்கிறார். இந்த நிலைமை மாற வேண்டும், மாற்ற வேண்டியவர்களும் நாமே. தேடுவதற்கு ஒரு கட்டணத்தை வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். எங்கே அளந்தோம், எத்தனை வோல்ட் வந்தது, சரிசெய்த பின் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கெட்டுப்போன அந்த ஒயர்த்துண்டையும் காட்டுங்கள். எண்ணைக் கண்ணால் பார்க்கிற கஸ்டமர் கூலிக்குப் பேரம் பேசுவது குறையும். கார் வைத்திருக்கும் அன்பர்கள் இந்த உரையைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சென்சார் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், "ஒயரை அளந்தீங்களா, எவ்வளவு வந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் நம்பி வேலையைக் கொடுங்கள்.

பட்டறை நண்பர்களே, நாளைக் காலை முதல் ஒரு பழக்கத்தை மட்டும் கடைப்பிடியுங்கள். சப்ளை, எர்த், சிக்னல் ஆகிய மூன்றையும் அளந்து எழுதாமல் எந்தச் சென்சாருக்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நடுத்தரக் குடும்பத்தார். அவர்களுடைய காசை வீணாக்காத மெக்கானிக்கை அவர்கள் ஆயுளுக்கும் விட மாட்டார்கள்.